மின்னோடும் சாயம்

நுழையும்முன்

பருத்தித் துணிக்குக் கருமை ஏற்றுவதற்காக ஐரோப்பியர் ஆக்கிய சாயம் ஒன்று, நூறாண்டுக்கும் மேலாகத் துணிச்சாயமாகவே அறியப்பட்டிருந்தது. அச்சாயத்தின் குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் மின்சாரத்தைக் கடத்தவல்லவை என்பது பின்னரே தெளிவாயிற்று. கடத்தும் பொருள் கிடைத்துவிட்டால் மட்டும் மின்சுற்று அமைந்துவிடாது. அப்பொருளை வேண்டிய இடத்தில் வேண்டிய வடிவில் நிறுத்தவும் வேண்டும். அவ்வாறு நிறுத்தும் நுட்பத்தை, காவிரிப் படுகையின் கலம்காரிக் கலையோடு சேர்த்து விளக்குகிறது இப்பாடம்.

கோடு நிற்கும் இடம்

திருப்பனந்தாள் வட்டாரத்துச் சிற்றூர்களுள் ஒன்று சிக்கல்நாயக்கன்பேட்டை. கோயில் விழாக்களில் தேரிலும் மண்டபத்திலும் தொங்கும் தொம்பைகள், வாயில்களை அணிசெய்யும் தோரணங்கள், மேற்கட்டியாக விரியும் அசுமானகிரிகள் ஆகியவற்றை இவ்வூர்க் கலைஞர்கள் கையால் வரைகின்றனர். கொள்ளிடத்திற்கு வடக்கேயுள்ள கோடாலிக்கருப்பூரின் பெயரால் 'கருப்பூர்க் கலம்காரி' என வழங்கும் இக்கலை, 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. தஞ்சை மராத்திய அரச குடும்பத்தார் உடுத்த கோடாலிக்கருப்பூர்ச் சேலைகள், சரிகை கலந்து நெய்யப்பட்டு, மெழுகால் காத்துச் சாயமேற்றப்பட்டவை. அரசு மறைந்தபின் அச்சேலைகளின் நெசவும் மறைந்தது. வரையும் கை மட்டும் எஞ்சியது.

'கலம்' என்பது எழுதுகோலைக் குறிக்கும் பாரசீகச் சொல். மூங்கிற் குச்சியின் முனையைச் சீவி, அதற்குமேல் நூலோ துணியோ சுற்றி, அச்சுற்றில் மையை ஏற்றி வரைவர். வரைவது துணியின்மேல் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. துணி நீரை உறிஞ்சும் இயல்புடையது. அதன்மீது வைத்த மைத்துளி நூலின் வழியே நாற்புறமும் ஓடும். ஓடினால் கண்ணும் மூக்கும் ஒன்றோடொன்று கலந்து உருவம் கெடும். ஆகவே கலைஞரின் முதல் வேலை வரைவதன்று. மை ஓடாதவாறு துணியைப் பக்குவம் செய்வதே முதல் வேலை.

மரபான முறையில் துணியைக் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். பாலிலுள்ள கொழுப்பு நூலிழையின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, மை பரவுவதைக் கட்டுப்படுத்தும். கடுக்காயின் துவர்ப்புப்பொருள் வேறொரு பணியைச் செய்யும். இரும்புத்துண்டுகளை வெல்லநீரில் பல நாள் ஊறவைத்து எடுக்கும் நீரே கருமைக்குரிய மை. அதிலுள்ள இரும்பு, துணியிலுள்ள துவர்ப்புப்பொருளோடு கூடியவுடன் அழியாத கருநிறம் தோன்றும். கருமையை வெளியிலிருந்து கொண்டுவந்து பூசுவதில்லை. அது துணியின்மேலேயே, கோடு சென்ற இடத்தில் மட்டும் பிறக்கிறது.

சிவப்புக்கு வழி இன்னும் நுட்பமானது. சிவக்க வேண்டிய இடங்களில் படிகார நீரைத் தடவி, பின்னர்த் துணி முழுவதையும் சாயவேர் எனப்படும் இம்பூறல் வேரின் கொதிநீரில் இடுவர். சாயம் துணியெங்கும் பட்டாலும் படிகாரம் உள்ள இடத்தில் மட்டுமே பற்றும். மற்ற இடங்களில் கழுவினால் போய்விடும். இவ்வாறு சாயத்தைப் பற்றவைக்கும் பொருளை வேதியியலார் 'நிறமூன்றி' என்பர். நீலத்திற்கு இதற்கு நேர்மாறான வழி. நீலம் வேண்டாத இடங்களையெல்லாம் உருகிய மெழுகால் மூடிவிட்டுத் துணியை அவுரித் தொட்டியில் முக்குவர். பிறகு வெந்நீரில் இட்டு மெழுகை நீக்குவர்.

பரவாமல் தடுத்தல், வேண்டிய இடத்தில் மட்டும் விளைவித்தல், வேண்டாத இடத்தை மூடிவைத்தல் என்னும் இச்செயல்கள் யாவும் ஓர் எல்லையைக் காப்பதற்கான வழிகள். மின்கடத்தும் பலபடிகளை வைத்து நுண்மின்சுற்று அமைக்க முயன்ற அறிவியலாளரும் இதே சிக்கலை எதிர்கொண்டனர்.

நீலம் பெற்ற புதுப்பெயர்

அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலம் இந்தியாவிலிருந்து அராபியர் வழியாக மேற்கே சென்றது. 'நீல' என்னும் சொல்லும் உடன் சென்றது. அரபு மொழியில் 'அந்நீல்' என்றும், போர்த்துக்கீசிய மொழியில் 'அனில்' என்றும் அது திரிந்தது. 1840ஆம் ஆண்டில் பிரிட்சே என்னும் வேதியியலார் அவுரி நீலத்தைக் காரத்தோடு சேர்த்துச் சூடாக்கி, எண்ணெய் போன்ற நீர்மம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். நீலத்திலிருந்து வந்ததால் அதற்கு 'அனிலின்' என்று பெயரிட்டார். நம் ஊர்ச் சொல் ஒன்று உலகைச் சுற்றி வேதியியல் நூலுக்குள் புகுந்த கதை இது. சொற்பிறப்பில் ஆர்வமுடையோர்க்கு இதனினும் சுவையான சான்று அரிது.

அனிலினை ஆக்சிஜனேற்றம் செய்தால் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலியாகும். 1863ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் லைட்ஃபுட் இவ்வினையைப் பருத்தித் துணியின்மேலேயே நிகழச்செய்து, அழியாத கருஞ்சாயத்தை உண்டாக்கினார். 'அனிலின் கறுப்பு' எனப்பட்ட அச்சாயம் அச்சிட்ட பருத்தித் துணிகளில் பெருவழக்குப் பெற்றது. வேதியியலார் இன்று பாலிஅனிலின் என்று வழங்கும் பலபடியின் குடும்பத்தைச் சேர்ந்ததே அச்சாயம். அக்காலத்தில் அதனை உடுத்தியவர் எவருக்கும், அச்சாயத்தின் உறவுப் பொருள் ஒன்று ஒருநாள் மின்கம்பியின் பணியைச் செய்யும் என்னும் எண்ணம் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

பந்தியில் ஓர் இடம் காலியானால்

பலபடிகள் மின்சாரத்தைக் கடத்தா என்பதே நெடுங்கால நம்பிக்கை. மின்கம்பியின் மேலுறை நெகிழியால் ஆனது அதனாலன்றோ! இந்நம்பிக்கையை அசைத்த நிகழ்வு 1967ஆம் ஆண்டில் ஜப்பானில் நிகழ்ந்தது. தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் இதெகி சிரகாவா பாலிஅசிட்டிலீன் என்னும் பலபடியை ஆராய்ந்துவந்தார். ஆய்வொன்றில் வினைவேகமாற்றி தவறுதலாக ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மிகுதியாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. கரும்பொடியாகக் கிடைக்க வேண்டிய பொருள் வெள்ளிபோல் மின்னும் படலமாக உருவாயிற்று. சில ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் மெக்டயர்மிடு இதனைக் கேள்வியுற்றுச் சிரகாவாவைத் தம்மிடம் அழைத்தார். அவர்களும் இயற்பியலார் ஆலன் ஹீகரும் சேர்ந்து அப்படலத்தின்மீது அயோடின் ஆவியைப் படச்செய்தனர். அதன் மின்கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 1977ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவுக்காக மூவரும் 2000ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அயோடின் செய்தது என்ன? இத்தகைய பலபடிகளின் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும். திருமண வீட்டுப் பந்தியை எண்ணிக்கொள்வோம். எல்லா இலைகளுக்கு முன்னும் ஆள் அமர்ந்திருந்தால் எவரும் நகர முடியாது. ஒருவர் எழுந்துவிட்டால், அடுத்திருப்பவர் அவ்விடத்திற்கு நகரலாம். அவர் விட்ட இடத்திற்கு அவருக்கு அடுத்தவர் நகரலாம். ஆள்கள் ஒருபுறம் நகர, காலியிடம் மறுபுறம் நகர்ந்துகொண்டே செல்லும். அயோடின் சங்கிலியிலிருந்து எலக்ட்ரான்களை ஆங்காங்கே பறித்துக்கொள்கிறது. அதனால் உண்டான காலியிடங்கள் சங்கிலி நெடுக நகர்வதே மின்னோட்டம். இவ்வாறு வேற்றுப்பொருளைச் சேர்த்துக் கடத்தச் செய்வது 'மாசூட்டல்' எனப்படும்.

பாலிஅசிட்டிலீன் காற்றுப்பட்டால் கெட்டுவிடும். எனவே அது ஆய்வகத்தோடு நின்றது. காற்றைத் தாங்கும் வேறு பலபடிகளுக்கு ஆய்வு நகர்ந்தபோது பழைய சாயக் குடும்பத்தைச் சேர்ந்த பாலிஅனிலின் மீண்டும் முன்னே வந்தது. அதனை மாசூட்ட அயோடினும் வேண்டா. அமிலமே போதும். அமிலம் ஏற்றால் பச்சை நிறமடைந்து மின்சாரத்தைக் கடத்தும். காரம் பட்டால் நீலநிறமடைந்து கடத்தாது. நிறமே கடத்தலுக்குச் சான்றாக நிற்கும் அரிய பொருள் இது. பைரோல் என்னும் சேர்மத்திலிருந்து பெறப்படும் பாலிபைரோலும், ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் 1980களின் பிற்பகுதியில் உருவான 'பெடாட்' என்னும் பலபடியும் இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கவை. பெடாட்டை வேறொரு பலபடி அமிலத்தோடு சேர்த்து நீரில் கலக்கினால் நீலநிற மைபோன்ற நீர்மம் கிடைக்கும். அதனைப் பூசி உலர்த்தினால் ஒளி ஊடுருவும் கடத்துபடலம் உருவாகும்.

ஏன் வடிவம் வேண்டும்?

வயல் முழுதும் நீர் பரவினால் அது வெள்ளம். வாய்க்காலில் ஓடினால்தான் பாசனம். மின்சாரத்திற்கும் இது பொருந்தும். கண்ணாடித்தகடு ஒன்றின்மேல் கடத்துபலபடியை ஒரே சீராகப் பூசிவிட்டால் அது ஒரு கடத்துதகடு மட்டுமே. மின்சுற்றாக வேண்டுமாயின் இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு கட்டம், இரண்டிற்கும் நடுவே கடத்தாத இடைவெளி என அதனைப் பிரித்தமைத்தல் வேண்டும்.

டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று மின்வாய்கள் உண்டு. மின்னூட்டம் புறப்படும் இடம் ஒன்று. சென்றுசேரும் இடம் மற்றொன்று. இரண்டிற்கும் இடையே குறுகிய வழி ஒன்று உண்டு. அவ்வழி குறைக்கடத்தியால் ஆனது. மூன்றாம் மின்வாய் அவ்வழியைத் திறக்கவும் மூடவும் செய்யும். வாய்க்கால் மடையில் பலகையை ஏற்றி இறக்குவதுபோன்ற வேலை அது. வழி எவ்வளவு குறுகியதோ அவ்வளவு விரைவாகச் சுற்று இயங்கும். இடைவெளி பாதியானால், அதனைக் கடக்கும் நேரம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். எனவே இரண்டு மின்வாய்களையும் ஒன்றையொன்று தொடாமல், ஆயினும் மிக நெருக்கமாக வரைய வேண்டியிருக்கிறது. சிறிது தொட்டுவிட்டாலும் மடை உடைந்ததற்கு ஒப்பாகும். திறத்தலும் மூடலும் இல்லாது போகும்.

சிலிக்கான் சில்லுகளில் இவ்வரைவை ஒளியச்சு முறையால் செய்கின்றனர். தகட்டின்மேல் ஒளியுணர் பூச்சு ஒன்றைப் பூசுவர். வடிவம் வெட்டப்பட்ட மறைப்பின் வழியே புற ஊதா ஒளியைப் பாய்ச்சுவர். ஒளிபட்ட இடத்துப் பூச்சு ஒரு கரைசலில் கரைந்துபோகும். எஞ்சிய பூச்சு மெழுகைப்போல் அடியிலுள்ளதைக் காக்க, காப்பில்லாத பகுதியை அரித்து நீக்குவர். இறுதியில் காப்புப்பூச்சையும் கழுவிவிடுவர். மெழுகிட்டு அவுரியில் முக்கும் முறையின் ஒழுங்கு இதில் அப்படியே இருப்பதைக் காணலாம். இதனைக் கொண்டு நம் முன்னோர் மின்சில்லு செய்யும் வழியை அறிந்திருந்தனர் என்று கூறுவது பொருந்தாது. அவர்கள் அறிந்திருந்தது வேறு. ஒரு பரப்பின்மேல் ஒரு பொருளின் எல்லையை எவ்வாறு காப்பது என்பதை அவர்கள் செய்முறையாக அறிந்திருந்தனர். அதுவே பெரிய அறிவு.

சிலிக்கானுக்குப் பொருந்திய இம்முறை பலபடிக்கு எளிதில் பொருந்தவில்லை. ஒளியுணர் பூச்சைக் கரைக்கப் பயன்படுவது பெரும்பாலும் காரக்கரைசல். காரம் பட்டால் பாலிஅனிலின் கடத்தும் இயல்பை இழந்துவிடும் என்பதை முன்னரே கண்டோம். நீரில் கலந்து பூசிய பெடாட் படலமோ நீர்ப்பட்டால் உப்பும். பூச்சைக் கழுவும் கரைப்பான்கள் சில பலபடிகளைத் தம்மோடு கரைத்துக்கொண்டு போய்விடும். காக்க வந்ததே கெடுக்கும் நிலை இது. ஆதலால் ஆய்வாளர்கள் வேறு வழிகளைத் தேடினர்.

ஒளியால் அணைத்தல்

1998ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தார் ஒரு வழியை வெளியிட்டனர். கடத்தும் பாலிஅனிலினோடு ஒளிபட்டால் வினைபுரியும் பொருளொன்றைக் கலந்து, வளையும் தாள் போன்ற பாலிஇமைடு நெகிழியின்மீது பூசினர். மறைப்பின் வழியே புற ஊதா ஒளியைச் செலுத்தியபோது, ஒளிபட்ட இடங்களில் படலத்தின் மின்தடை ஒரு கோடி மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. அதாவது அவ்விடங்கள் காப்பான் ஆயின. ஒளி படாத இடங்கள் கடத்துகோடுகளாக நின்றன. எதனையும் அரித்து நீக்க வேண்டிய தேவை இல்லை. படலம் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் இயல்பு மட்டும் இடத்திற்கிடம் மாறிற்று. பரப்பும் மேடுபள்ளமின்றிச் சமமாக இருந்ததால் அதன்மேல் அடுத்த அடுக்கைப் பூசுவதும் எளிதாயிற்று.

இம்முறையில் அவர்கள் 326 டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஒருங்கிணைந்த சுற்று ஒன்றை அமைத்தனர். மின்வாய், குறைக்கடத்தி, காப்பான் யாவும் பலபடிகளே. தாளை மடக்கி வளைத்தபோதும் சுற்று இயங்கிற்று. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களைத் தாங்கும் சிலிக்கான் சில்லோடு ஒப்பிட்டால் 326 என்பது மிகச் சிறிய எண். ஆனால் சிலிக்கான் சில்லை மடக்க முயன்றால் அது உடைந்துவிடும்.

கரை கட்டுதல்

வீட்டுக் கணினியோடு இணைந்த மைத்தாரை அச்சுப்பொறியை நாம் அறிவோம். பெடாட் நீரில் கலந்த மைபோல் இருப்பதால், அவ்வச்சுப்பொறியாலேயே மின்வாய்களை அச்சிடலாமே என்னும் எண்ணம் இயல்பாக எழும். தடை ஒன்று உண்டு. துளி பறந்து வரும் திசை சிறிது மாறும். விழுந்த துளி பரவும். இவ்விரண்டாலும் 20 முதல் 50 மைக்ரோமீட்டர் வரை பிழை நேரும். மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் இது சிறு பிழையே. ஆனால் அருகருகே வரையவேண்டிய இரு மின்வாய்களுக்கு அது பெரும்பிழை.

2000ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தின் ஹென்னிங் சிரிங்காஸ், ரிச்சர்டு பிரெண்டு முதலானோர் இதற்கு விடை கண்டனர். கண்ணாடியின்மேல் நீரை வெறுக்கும் பாலிஇமைடால் 5 மைக்ரோமீட்டர் அகலமுள்ள மெல்லிய கோடு ஒன்றை முதலில் அமைத்தனர். கண்ணாடிப்பகுதி நீரை விரும்பும். கோடு நீரைத் தள்ளும். கோட்டின் இருபுறமும் பெடாட் துளிகள் விழுந்தபோது அவை கோடுவரை பரவி அங்கே நின்றன, கோட்டைத் தாண்டவில்லை. துளி சற்றுத் தவறி விழுந்தாலும் பரப்பே அதனைத் தன்னிடத்திற்குத் தள்ளியது. இரு மின்வாய்களும் 5 மைக்ரோமீட்டர் இடைவெளியோடு, ஒன்றையொன்று தொடாமல் அமைந்தன. அதாவது மையை வைப்பதற்கு முன்பே மையின் எல்லை முடிவு செய்யப்பட்டுவிட்டது. துணியைப் பாலில் தோய்த்த கலைஞர் இதனைக் கண்டால் தம் வேலையென்றே அடையாளம் கொள்வார். நாற்றுநடவுக்கு முன் வரப்பு வெட்டும் உழவருக்கும் இது புதியதன்று.

விதைத்த இடத்தில் விளைதல்

என் கருத்தில், இவ்வழிகளுள் மிக அழகியது இதுவே. பலபடியைக் கொண்டுவந்து வைக்காமல், வேண்டிய இடத்திலேயே வளரச் செய்வது. பைரோலும் பெடாட்டின் ஒற்றைப்படியும் ஆக்சிஜனேற்றி ஒன்று இருந்தால்தான் சங்கிலியாகக் கோக்கும். அவ்வாக்சிஜனேற்றியாகப் பெரிதும் பயன்படுவது இரும்பின் உப்பு. இரும்புப்பால் வரைந்த கோடுகளைக் கொண்ட பரப்பை ஒற்றைப்படியின் ஆவி நிறைந்த கலத்துள் வைத்தால், ஆவி எங்கும் பரவினாலும் இரும்பு உள்ள இடத்தில் மட்டுமே பலபடி தோன்றும். வண்ணமில்லாத பைரோல் ஆவியிலிருந்து கரிய படலம் கோட்டின்மேல் எழும். வெல்லநீரில் ஊறிய இரும்பால் வரைந்து கருமை தோற்றுவித்த முறையையும், படிகாரம் தடவிய இடத்தில் மட்டும் வேர்ச்சாயம் சிவந்த முறையையும் இதனருகே வைத்துப் பார்க்கலாம். துணியில் இரும்பு துவர்ப்புப்பொருளோடு கூடி நிறச்சேர்மமாகிறது. இங்கோ அது எலக்ட்ரானை ஏற்றுக்கொண்டு மூலக்கூறுகளைக் கோத்துவிட்டு ஒதுங்குகிறது. வினை வேறு, உத்தி ஒன்றே.

மின்சாரத்தைக் கொண்டே இதனைச் செய்யவும் இயலும். பொன்னால் நுண்கோடுகள் வரைந்த தகட்டை அனிலின் கலந்த அமிலக்கரைசலில் அமிழ்த்தி மின்னழுத்தம் தந்தால், பொற்கோடுகளின்மேல் மட்டும் பச்சைநிறப் பாலிஅனிலின் படியும். எவ்வளவு நேரம் மின்னோட்டம் செலுத்துகிறோமோ அதற்கேற்பப் படலத்தின் தடிப்பு அமையும்.

தெரிந்து தெளிவோம்

மின்சாரத்திற்கும் வேதிவினைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் நடுவண் மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் உள்ளது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் நன்கொடையாக அளித்தார். 1948ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அறிஞர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பாலிஅனிலின் கலந்த பூச்சுகளால் இரும்பைத் துருப்பிடிக்காமல் காக்கும் ஆய்வுகள் இங்கு நடைபெற்றுள்ளன.

எழுத்தாணியும் நுண்புழையும்

பனையைத் தலமரமாகக் கொண்ட ஊர் திருப்பனந்தாள். பனையோலையில் எழுதியவர்கள் மையால் எழுதவில்லை. எழுத்தாணியால் கீறினர், பின் ஓலையெங்கும் விளக்குக்கரியைத் தடவித் துடைத்தனர். மேற்பரப்பில் கரி நீங்கிவிட, கீறலுக்குள் புகுந்த கரி மட்டும் நின்று எழுத்தாயிற்று.

பள்ளமே எழுத்தைக் காக்கும் இவ்வுத்தி பலபடிகளுக்கும் உதவுகிறது. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் குழுவினர் நுண்பள்ளங்கள் கொண்ட சிலிக்கோன் இரப்பர் அச்சு ஒன்றைப் பரப்பின்மேல் கவிழ்த்தனர். பள்ளங்கள் பரப்போடு சேர்ந்து மெல்லிய குழாய்களாயின. குழாயின் வாயில் ஒரு துளி பலபடி நீர்மத்தை வைத்ததும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் நுண்புழைக் கவர்ச்சியால் நீர்மம் தானே உள்ளோடி நிரம்பிற்று. உறைந்தபின் இரப்பரை உரித்தெடுக்கக் கோடுகள் எஞ்சின. மறைப்பும் ஒளியும் விலையுயர்ந்த கருவிகளும் ஒவ்வொரு முறையும் தேவைப்படவில்லை. ஓர் இரப்பர் அச்சைப் பலமுறை பயன்படுத்தலாம். எளிய ஆய்வகங்களும் இத்துறையில் இறங்குவதற்கு இம்முறை பெரிதும் துணைநின்றது.

எங்கே பயன், எங்கே இல்லை?

மின்கடத்தும் பலபடிகள் சிலிக்கானை வீழ்த்திவிடும் என்று ஒரு காலத்தில் ஆரவாரமாக எழுதப்பட்டது. அவ்வாறு நிகழவில்லை. பலபடிச் சங்கிலிகள் படலத்துள் தாறுமாறாகக் கிடப்பதால், மின்னூட்டம் ஒரு சங்கிலியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவியே செல்ல வேண்டும். ஒழுங்கான படிகமாகிய சிலிக்கானின் விரைவு இவற்றுக்கு வாராது. ஆதலால் கணினியின் மூளையாக இவை அமர்வதை எதிர்பார்ப்பது வீண்.

ஆனால் சிலிக்கான் சில்லின் ஆக்கத்திற்கே இவை துணையாக நின்றன என்பது பலர் அறியாத செய்தி. மிக நுண்ணிய வடிவங்களை ஒளிக்கு மாறாக எலக்ட்ரான் கற்றையால் வரைவதுண்டு. அப்போது காப்பானாகிய பூச்சின்மேல் மின்னூட்டம் தேங்கி, பின்வரும் கற்றையை வழிவிலக்கும்; கோடு இடம் மாறிவிடும். இதனைத் தவிர்க்க, அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தார் நீரில் கரையும் பாலிஅனிலினை உருவாக்கினர். அதனை மெல்லிய படலமாகப் பூசினால் தேங்கும் மின்னூட்டம் வடிந்துவிடும். வேலை முடிந்ததும் நீரால் கழுவிவிடலாம்.

பெடாட் முதன்முதலில் பெரிய அளவில் பயன்பட்டது மின்சுற்றிலன்று, புகைப்படச் சுருளில். சுருள் உராய்ந்து மின்னேற்றம் கொண்டால் பொறி தெறித்துப் படத்தில் கறை விழும். பெடாட் பூச்சு அதனைத் தடுத்தது. இன்று கணினியின் தாய்ப்பலகையில் உள்ள திண்ம மின்தேக்கிகள் பலவற்றிலும் கரிம ஒளியுமிழ் திரைகளிலும் மின்கடத்தும் பலபடிகள் உள்ளன. வளையும் மின்னணுக் கருவிகளுக்கென்று கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தேசிய மையம் ஒன்று இயங்குகிறது.

காவிரிப் படுகைக்கு நெருக்கமான பயன் ஒன்றும் உண்டு. நெல்வயலில் இடும் யூரியாவின் ஒரு பகுதி அமோனியா வளியாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. உழவர் விலைகொடுத்து வாங்கிய தழைச்சத்து பயிருக்குச் சேராமல் போவதே இது. அமோனியா ஒரு காரம். பச்சைநிறப் பாலிஅனிலின்மேல் அது பட்டால் அமிலத்தைப் பறித்துக்கொள்ளும், நிறம் நீலத்தை நோக்கித் திரும்பும், மின்தடை உயரும். இரண்டு மின்வாய்களைச் சீப்பின் பற்களைப்போல் எதிரெதிரே கோத்து அச்சிட்டு, அவற்றின்மேல் பாலிஅனிலின் படலத்தை இட்டால், அமோனியாவை அளக்கும் உணரி கிடைத்துவிடும். பற்கள் நெருங்க நெருங்க உணரியின் மின்தடை குறைந்து அளவிடல் எளிதாகும். இங்கும் எல்லைக்கோட்டின் நேர்த்தியே பயனை முடிவுசெய்கிறது. இத்தகைய உணரிகள் ஆய்வகங்களில் பலவாறு செய்யப்பட்டுள்ளன.

வயலில் நட்டுவைப்பதற்கு முன் தீர்க்கவேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. பாலிஅனிலினின் மின்தடையைக் காற்றின் ஈரமும் மாற்றும். உலர்ந்த கோடையில் சரியாக அளக்கும் உணரி, ஐப்பசி அடைமழையில் ஈரத்தையும் அமோனியாவையும் வேறுபிரித்து அறியாது குழம்பக்கூடும். அருகிலேயே ஈரத்தை மட்டும் உணரும் மற்றொரு படலத்தை அச்சிட்டு, ஒன்றின் அளவை மற்றொன்றால் திருத்துவது ஒரு வழி. அவ்வாறாயின் ஒரே தாளின்மேல் இரண்டு வெவ்வேறு பலபடிகளை, ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று கசியாமல் அடுத்தடுத்து வரைய வேண்டும்.